செவலைக்குப் போர்த்திய கம்பளி

ஆகஸ்ட் மாத வெயிலில் ஹீட்டரை முழுக்கத் திறந்துவிட்டுக்கொண்டு டோலோன் கணவாய் ஏறுகிற ஓட்டுநர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் நாரின்காரர், கல்முராத். அவருடைய செங்கருப்பு வேனுக்குச் செவலை என்று பெயர். நாரின் சந்தையடியில் ஆள் சேர்த்து, கணவாய் தாண்டி, கொச்கோர் ஊர் வழியாகத் தலைநகர் பிஷ்கெக் போய்ச் சேருவார். ஏறும்போது கம்பளிச் சட்டையோடு ஏறுகிறவர்கள் கணவாய் உச்சியில் பனியனோடு இறங்குவார்கள். எஞ்சினைக் குளிர வைக்கிற ஃபேன் மக்கர் செய்தால் அந்தச் சூட்டை ஹீட்டர் வழியாக வண்டிக்குள் இழுத்துவிட வேண்டும். எஞ்சின் பிழைக்கும். உள்ளே இருப்பவர்கள் வேகுவார்கள்.

"அண்ணே, மகளுக்கு வெண்ணெய் கொண்டு போறேன். பிஷ்கெக் போறப்ப இது வெண்ணெயா இருக்காது" என்றாள் ஒரு நாள் பின் சீட்டில் தூக்குச் சட்டியை மடியில் வைத்திருந்தவள்.

"நல்லதாப் போச்சு. உன் மகளுக்கு உருக்குற வேலை மிச்சம்."

"ஃபேனை மாத்தித் தொலைக்கக் கூடாதா?"

"மாத்தினேன் தாயி. இது மூணாவது."

"அப்ப நாலாவது மாத்து."

"நான் ஏன் மாத்தணும்? கம்பெனிக்காரன் மாத்தட்டும். தப்பு அவனோடது!"

'தப்பு அவனோடது' என்பதை ஃபேன் தொல்லை தொடங்கிய மூன்று வருஷத்தில் கல்முராத் சொல்லாத டீக்கடை அந்தச் சாலையில் இல்லை. சொல்லும்போது ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவார். அது முழு உண்மை இல்லை என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உண்மையை உலகத்துக்கே சொல்லிவிடலாம், புருல்கானுக்கு மட்டும் சொல்ல முடியாது என்பதுதான் அவருடைய சங்கடம்.

புருல்கான் அவருடைய இரண்டாவது மனைவி. அவளுக்கும் அவர் இரண்டாவது. அவளுடைய முதல் கணவர் லாரி ஓட்டினவர். டோலோன் இறக்கத்தில் லாரியோடு போய்விட்டார். பிரேக் போனதா, பனியில் சறுக்கியதா, கண் அசந்துவிட்டாரா, ஒன்றும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் "எழுதினது நடந்துச்சும்மா" என்று ரொட்டியைப் பிட்டுத் தின்றுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு அவள் பல வருஷம் கணவாய்ப் பக்கம் போகவில்லை. அக்காளுக்கு பிஷ்கெக்கில் கண் அறுவை என்று வந்தபோது வேறு வழியில்லாமல் கல்முராத்தின் வண்டியில் முன் சீட்டில் ஏறினாள். ஏற்றம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் சட்டைக் கையைப் பிடித்தவள் மறுபக்கம் இறங்கி முடிக்கிறவரை விடவில்லை. கல்முராத்தோ பெண்டாட்டியைப் பறிகொடுத்து, பெண்களைக் கட்டிக்கொடுத்து, தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த மனிதர். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். அவருக்குக் காது கேட்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க, சட்டை கசங்கிடுச்சு" என்றாள் கண்ணைத் திறந்ததும்.

"திரும்பி வர்றப்பவும் இதே சட்டையைத்தான் போட்டுக்கிட்டு வருவேன்" என்றார் கல்முராத்.

அப்படி முடிந்த கல்யாணம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிழவா, கிழவி என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அதைவிடப் பிரியமான வார்த்தை கிடையாது.

கல்முராத்தின் அப்பா பந்தயக் குதிரை பழக்கினவர். ஓடி வேர்த்து வந்த குதிரையை எங்கள் பக்கத்தில் வெறும் உடம்போடு காற்றில் நிறுத்த மாட்டார்கள். தண்ணீர் காட்ட மாட்டார்கள். முதுகு நிறையக் கம்பளி போர்த்தி, வேர்வை தானாக அடங்குகிறவரை கட்டி வைப்பார்கள். போர்த்தாத குதிரைக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிடும். இது கல்முராத்துக்குத் தாய்ப்பாலோடு ஏறிய பாடம். செவலையும் வேர்த்துத்தானே கணவாய் ஏறுகிறது? உச்சியில் வீசுகிற காற்று மனிதனுடைய எலும்பையே துளைக்கும். எஞ்சினுக்கு மட்டும் என்ன இரும்பு உடம்பா? இரும்பு உடம்புதான். அது அவருக்குத் தோன்றவில்லை.

"கிழவி, குதிரைக்குப் போர்த்துற மாதிரி செவலைக்கு ஒண்ணு செஞ்சு குடு" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. செம்மறி ரோமத்தை நனைத்து, உருட்டி, மிதித்து, தடியான கம்பளி செய்தாள். சிவப்புச் சாயம் தோய்த்த ரோமத்தில் கிடாக்கொம்புக் கோலம் தைத்தாள். ஓரமெல்லாம் குஞ்சம் வைத்தாள். பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் போர்த்திப் பார்த்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிற குதிரை மாதிரிதான் இருந்தது செவலை.

"போனவர் லாரிக்கு நான் ஒண்ணுமே செஞ்சு குடுத்ததில்லை. இதுல ஒவ்வொரு தையலுக்கும் உன் பேரைச் சொல்லித் தச்சிருக்கேன். இது மேல இருக்கிறவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள்.

பனிக்காலம் தொடங்குகிற நேரம். உச்சியில் வண்டியை நிறுத்தினார். பயணிகள் ஆளுக்கொரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனார்கள். கல்முராத் முறைப்படி பானெட்டைத் திறந்து, கொதிக்கிற எஞ்சினுக்குப் பதமாகப் போர்த்திவிட்டு, சுருட்டுப் பற்றவைக்கத் தள்ளிப் போனார். இந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சினை அணைத்தாலும் ஃபேன் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு தணிந்த பிறகுதான் நிற்கும். அந்த ஃபேன் முதலில் குஞ்சத்தைப் பிடித்தது. பிறகு ஓரத்தை இழுத்தது. ரோமம் சுற்றி இறுகி இறக்கைகள் நின்றன. சுற்ற முடியாத மோட்டார் உள்ளுக்குள்ளேயே வெந்தது. சுருட்டில்லாத பக்கத்திலிருந்து புகை வருகிறதே என்று அவர் திரும்பிப் பார்த்தபோது கம்பளியின் மூலை கனன்றுகொண்டிருந்தது. பாய்ந்து பிடுங்கிப் பனியில் போட்டு மிதித்தார். கை கொப்பளித்தது. பயணிகள் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் புருல்கான் கேட்டாள்: "மூலை எங்கே?"

"கொச்கோர்ல ஒரு வெள்ளாடு மென்னுடுச்சு."

"ஆட்டு ரோமத்தை ஆடே தின்னுச்சா?"

"பாவம், நல்ல பசி."

அவள் ஆட்டைத் திட்டிக்கொண்டே மூலையை வெட்டி மறுபடி குஞ்சம் வைத்துக் கொடுத்தாள். அவரால் எப்படிச் சொல்ல முடியும்? ஒருவனை அந்தக் கணவாய்க்குக் கொடுத்தவள். இன்னொருவனைக் காப்பாற்ற என்று கைநோகச் செய்த கம்பளியே அவனைக் கொளுத்தப் பார்த்தது என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து தெரு முனை திரும்பியதும் கம்பளியைக் கழற்றிச் சீட்டுக்கடியில் செருகுவார். திரும்பி வரும்போது அதே முனையில் நிறுத்தி, கொஞ்சம் புழுதியைத் தூவி, மறுபடி போர்த்திக்கொண்டு வருவார். கள்ளச்சாராயம் கடத்துகிறவன்கூட இவ்வளவு பாடுபடமாட்டான். அவள் புழுதியைத் தட்டி வெயிலில் காயப்போடும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

பழைய சாமான் கடையில் அதே கம்பெனியின் பழைய ஃபேன் ஒன்றை வாங்கி மாட்டினார். அடுத்த கோடையில் அதுவும் நின்றது. அப்போது கம்பளி சீட்டுக்கடியில்தான் இருந்தது! வண்டி பழுதானதற்கு நடுரோட்டில் நின்று சந்தோஷப்பட்ட மனிதரை அன்றைக்குத்தான் அந்தச் சாலை பார்த்தது. "கம்பளியில்லாமலே போகுதா? அப்ப முன்னாடி போனதும் கம்பளியால இல்ல!" என்று செவலையின் நெற்றியில் தட்டிக் கொடுத்தார். முழுக்க நம்பினாரா என்றால் இல்லை. நம்ப ஆசைப்பட்டார்.

அந்த ஆசைக்கு நெய் வார்த்தவன் நிறுத்தத்தில் பக்கத்து வண்டிக்காரன் ஜெக்ஷேன். அவன் மருமகன் சிகாகோவில் லாரி ஓட்டுகிறான்.

"கல்முராத் அண்ணே, உன் வண்டியைத்தான் சொல்றாங்க. அமெரிக்காவுல கம்பெனியே அறிவிச்சிருக்கான். ஃபேன் மோட்டார் இறுகிப் போய்த் தீப்பிடிக்குமாம். எல்லா வண்டியையும் கொண்டாங்க, சும்மா மாத்தித் தரேங்குறான். மாத்துற வரைக்கும் வீட்டை ஒட்டி நிறுத்தாதீங்கன்னு வேற சொல்றான்."

கல்முராத் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டார். வீட்டுக்குப் போய், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்ற செவலையை ஆற்றங்கரையோரம் கொண்டுபோய்க் கட்டினார். கட்டினார் என்றால் நிறுத்தினார். பழக்கதோஷம், எனக்கும் வருகிறது.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். பிஷ்கெக்கில் அந்தக் கம்பெனிக்குக் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு கடை இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தாள்.

"ஆமாங்க, உங்க வண்டி இந்த ரீகால்ல, அதான் சும்மா மாத்தித் தர்ற பட்டியல்ல, இருக்கு."

"அப்ப மாத்துங்கம்மா."

"ஆனா நம்ம நாடு இதுல இல்லைங்க."

"வண்டி நம்ம நாட்டுலதானே நிக்குது? வாசல்ல பாரு."

"அது அமெரிக்காவுல விக்கிறதுக்குன்னு செஞ்ச வண்டிங்க. அங்க கொண்டு போனீங்கன்னா..."

"டோலோனையே தாண்ட மாட்டேங்குது. கடலைத் தாண்டச் சொல்றியா?"

அல்மாட்டிக்குப் போன் போடச் சொன்னார்கள். அல்மாட்டியில் துபாய்க்குப் போடச் சொன்னார்கள். துபாயில் ஓர் இயந்திரம், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று ருஷ்ய மொழியில் சொல்லிப் பாட்டுப் போட்டது. "முக்கியம்னு சொன்னாங்க கிழவி" என்று அவர் நம்பிக்கையோடு வந்து சொன்னார். "பாட்டு நல்லா இருந்துச்சா?" என்றாள் புருல்கான். தீப்பிடிக்கும் என்று ஒப்புக்கொள்கிறான், சும்மா மாற்றுகிறேன் என்கிறான், ஆனால் நீ இருக்கிற இடம் சரியில்லை என்கிறான். தீக்கு மட்டும் எல்லை தெரியுமா? பிஷ்கெக் போகும்போதெல்லாம் கல்முராத் அந்தக் கடைக்குள் நுழைந்து, தொப்பியைக் கழற்றி, "நம்ம நாடு வந்துடுச்சாம்மா?" என்று கேட்பார். அந்தப் பெண்ணும் எழுந்து நின்று, "இன்னும் இல்லைங்க ஐயா" என்பாள். இடையில் இரண்டாவது ஃபேனும் முழுசாகச் செத்து, மூன்றாவது வந்து, அதுவும் முனகத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்த ஹீட்டர் பயணங்கள்.

கடைசியில் இந்தக் கோடையில் நாடு வந்துவிட்டது. வண்டி எங்கே இருந்தாலும் மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனி உத்தரவு போட்டதாம். கண்ணாடி மாளிகைப் பெண்ணே போன் செய்து சொன்னாள். கல்முராத் துள்ளினார். அந்தத் துள்ளல் அடங்குமுன் புருல்கான், "நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? மெக்கானிக் கடை, ஒரே எண்ணெய்."

"மூணு வருஷம் போராடி ஜெயிச்சிருக்கே. நான் பாக்க வேண்டாமா?"

நல்ல தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மெக்கானிக்குகளுக்கு என்று ஒரு பை நிறைய எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளோடு வண்டியில் ஏறினாள். அன்றைக்கு அவர் வேறு ஆள் ஏற்றவில்லை.

மெக்கானிக் இலிம் என்பவன் முன் பக்கத்தைப் பிரித்து, ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை வெளியே எடுத்தான். கூடு மட்டும் செவலையோடு பிறந்த பழைய கூடு. அதன் உள்மூலையில் ஏதோ உருகி ஒட்டியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் நெம்பினான். ஒரு கொத்து வந்தது.

"என்னங்கய்யா இது? ரோமம் மாதிரி இருக்கு? ஃபேன்ல வெளிச்சாமான் ஏதாவது மாட்டியிருந்தா நான் எழுதியாகணும். அப்புறம் ரீகால் செல்லாதுன்னு சொல்லிடுவாங்க."

கல்முராத் புருல்கானைப் பார்க்கவில்லை. "ஆடு" என்றார்.

"ஆடா?"

"போன வருஷம் ஒரு ஆடு குறுக்க வந்து மோதிடுச்சு. நம்ம பக்கம் ஆடு ஜாஸ்தி தம்பி."

இலிம் கொத்தை வெளிச்சத்தில் பிடித்தான். "உங்க பக்கத்து ஆடு சிவப்பா இருக்குமா?"

புருல்கான் கையை நீட்டி அதை வாங்கினாள். விரலால் பிரித்துப் பார்த்தாள். சாயம் காய்ச்சினவளுக்குத் தன் சிவப்புத் தெரியாதா? கருகிய நுனியை மூக்கருகில் கொண்டுபோனாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் ஒவ்வொரு படியாக இறங்குவதைக் கல்முராத் பார்த்தார். அந்த நிமிஷத்தைத் தள்ளிப் போடத்தான் மூன்று வருஷம் கம்பெனியைத் திட்டினார்.

"முதல்ல வெள்ளாடு தின்னுச்சு. இப்ப செம்மறி மோதிடுச்சு. இன்னும் எத்தனை ஆடு வெச்சிருக்கே கிழவா?" என்று கேட்டுவிட்டு அவள் முற்றத்துக்குப் போய்விட்டாள்.

டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். தொப்பியைக் கழற்றினார், போட்டார்.

"உனக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்..."

"அவர் செத்தப்பவும் அப்படித்தான். எனக்கு வலிக்கக் கூடாதுன்னு ஊரே ஒண்ணு கூடி வாயை மூடிக்கிச்சு. அந்த லாரியில என்ன உடைஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாததால தினம் ஒரு காரணத்தை நானே ஜோடிக்கிறேன். காலையில நான் அவசரப்படுத்தினேனா? சண்டை போட்டு அனுப்பினேனா? எந்தக் காரணத்தை ஜோடிச்சாலும் கடைசியில குத்தவாளி நான்தான்." அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "நீயாவது சொல்லு. என் கம்பளி உன்னைக் கொளுத்தப் பாத்துச்சா?"

கல்முராத் டயர் மேல் உட்கார்ந்தார். பாறை, காற்று, சுருட்டு, புகை, பனியில் மிதித்தது, தெரு முனை, சீட்டுக்கடி, புழுதி என்று ஒன்று விடாமல் சொன்னார். கொப்பளித்து ஆறிய உள்ளங்கைத் தழும்பைக் காட்டினார். அதைத் தகரம் கிழித்ததென்று அவளிடம் சொல்லியிருந்தார். புழுதி தூவின இடம் வந்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது.

"படுபாவி! அந்தப் புழுதியை நான் எத்தனை தடவை தட்டினேன்!"

"நானும் ஒவ்வொரு தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"சரி, கம்பளி கேட்டது யாரு?"

"நான்தான்."

"எஞ்சினுக்குச் சளி பிடிக்கும்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப இதுல பாதி மறைச்சது எனக்காக இல்ல. நீ அசடுன்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு."

அவள் சொன்னது உண்மை என்று கல்முராத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷமாக மனைவியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர், அந்தக் கம்பளிக்கு அடியில் தன்னையும் சேர்த்துப் போர்த்தி வைத்திருந்தார்.

இலிம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். வாயில் மாவுருண்டை இருந்தது. "நீங்க பேசினது என் காதுலயும் விழுந்துச்சு, மேலதிகாரிகிட்ட கேட்டேன் ஐயா. ரோமம் பழசு, இப்ப இருக்கிற ஃபேன்ல ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல யாரு கம்பளி போர்த்துறாங்க? அங்கயும் இதே ஃபேன் எரியத்தான் செய்யுது. அதனால உங்க ரீகால் செல்லும்."

"முதல் ஃபேன் போனது எதனால தம்பி?" என்று கேட்டாள் புருல்கான்.

"அதை இனிமே யாராலயும் சொல்ல முடியாதுக்கா. கம்பளியாவும் இருக்கலாம், கம்பெனியாவும் இருக்கலாம்."

அவள் தலையாட்டினாள். தெரியாது என்று ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொன்னதே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"அப்ப மாட்டு தம்பி, நேரமாகுது" என்றார் கல்முராத்.

இலிம் மாவுருண்டையை விழுங்கினான். "புது ஃபேன் இன்னும் வரலைங்க. கப்பல்ல இருக்காம். எப்ப வரும்னு சொல்லலை. இன்னிக்கு உங்க பேரைப் பதிஞ்சு, வண்டியைப் பாத்து வைக்கத்தான் கூப்பிட்டாங்க. பழசையே திரும்ப மாட்டித் தரேன். பாத்துப் போங்க. வீட்டை ஒட்டி மட்டும் நிறுத்திடாதீங்க."

எந்த நாளிலும் இல்லாத கோபம் கல்முராத்துக்கு வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் பாதி வழியிலேயே வேறொன்றாக மாறிவிட்டது. முனகுகிற அந்த மூன்றாவது ஃபேனோடு, டோலோன் ஏற்றத்தில், பக்கத்துச் சீட்டில் புருல்கான்.

"கிழவி, ஜெக்ஷேனும் இன்னிக்கு இங்க வந்திருக்கான், நீ அவன் வண்டியில போயிடு. நான் பின்னால மெதுவா வரேன்."

"ஏன்?"

ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார், காலையில் என்றால். ஆட்டு மந்தையே தயாராக இருந்தது அவரிடம்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார். "ஒவ்வொரு தடவை ஏறுறப்பவும் பயமாத்தான் இருக்கு. பயணிகள்கிட்ட ஜோக் அடிக்கிறதே அதை மறைக்கத்தான்."

புருல்கான் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் இன்னும் வெளியிலேயே நிற்பதைப் பார்த்துக் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஏறு கிழவா. நான் வீட்டுல உக்காந்துக்கிட்டுத் தனியா பயந்தது போதும். நீ கணவாய்ல தனியா பயந்ததும் போதும். இன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே வண்டியில உக்காந்து பயப்படலாம்."